8 ரூபாய் டிக்கெட்டுக்கு 100 ரூபாய் நோட்டு: மீதி 92 ரூபாயை எங்கே போய்க் கேட்பது?

புளியமரத்தடி | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். தினமும் பஸ்ஸில் போகிறவர்களும், போக்குவரத்துக் கழகத்தில் வேலை பார்த்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

அப்பாவுக்கு 71 வயது. பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சர்க்கரை நோயாளி. போன வியாழக்கிழமை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுப்பதற்காகக் காலை ஆறரை மணி டவுன் பஸ்ஸில் பெரியாஸ்பத்திரிக்குப் போனார். டிக்கெட் 8 ரூபாய். கையில் இருந்தது ஒரே ஒரு 100 ரூபாய் நோட்டு. கண்டக்டர், "சில்லறை இல்லை பெரியவரே, இறங்கும்போது வாங்கிக்கங்க" என்று டிக்கெட்டின் பின்னால் 92 என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் பாதி பஸ் காலியாகும். அப்பா கூட்டத்தோடு முன்வாசல் வழியாக இறங்கிவிட்டார். கண்டக்டர் பின்வாசல் பக்கம் இருந்தார். இவர் திரும்பிக் கையைத் தூக்குவதற்குள் விசில் கேட்டது, வண்டி போய்விட்டது.

வெறும் வயிற்றில் ஒரு முறை, சாப்பிட்ட பிறகு ஒரு முறை என்று இரண்டு தடவை ரத்தம் எடுப்பார்கள். முதல் தடவை கொடுத்துவிட்டார். அதன்பிறகு சாப்பிடக் காசு இல்லை. யாரிடமும் கேட்கக் கூச்சம். இரண்டாவது ரத்தம் கொடுக்காமலே, வெயிலில் ஐந்து கிலோமீட்டர் நடந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் துவைக்கும்போது அம்மா சட்டைப் பையில் அந்த டிக்கெட்டைப் பார்த்தார். பின்பக்கம் நீலப் பேனாவில் 92, சுற்றி ஒரு வட்டம்.

கண்டக்டர் ஏமாற்றினார் என்று அப்பாவே சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பணத்தை எங்கே, யாரிடம் கேட்பது? கேட்டால் கிடைக்குமா?

அன்றாடப்பயணி | ஞாயிறு, இரவு 10.05

படித்ததும் மனசு கனத்துவிட்டது. 92 ரூபாய் எனக்கு இதுவரை போனதில்லை. ஆனால் ஒன்றும் இரண்டுமாகப் போனதைக் கூட்டினால் அதைத் தாண்டும். நான் போகும் தடத்தில் டிக்கெட் 13 ரூபாய். 15 கொடுத்தால் 2 ரூபாய் வராது. 20 கொடுத்தால் 5 ரூபாய் நாணயம் வரும், அந்த 2 ரூபாய் வராது. கேட்டால், "ரெண்டு ரூபாய்க்கு இப்படிக் கேக்கறீங்களே" என்ற பார்வை. அந்தப் பார்வைக்குப் பயந்தே பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் கேட்பதில்லை.

என் கணக்கு இது. மாதம் 25 நாள், போக வர 50 பயணம். அதில் பாதி நேரம் 2 ரூபாய் விட்டாலும் மாதம் 50 ரூபாய். ஒரு வண்டியில் ஒரு நாளைக்கு எத்தனை பேர் இப்படி விடுகிறார்கள்? அது யார் பைக்குப் போகிறது? இதைத் தெரியாமல் நடக்கும் தவறு என்று என்னால் நம்ப முடியவில்லை.

மழைக்காலம் | ஞாயிறு, இரவு 10.31

அப்பா இப்போது எப்படி இருக்கிறார்? சர்க்கரை உள்ளவர் வெறும் வயிற்றில் அவ்வளவு தூரம் நடந்தது ஆபத்து. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு மிட்டாய் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

புளியமரத்தடி | ஞாயிறு, இரவு 10.38

நன்றாக இருக்கிறார் அக்கா. மறுநாள் நானே வண்டியில் கூட்டிப்போய் இரண்டு பரிசோதனையும் எடுத்துவிட்டேன்.

பழைய விசில் | திங்கள், காலை 5.50

தம்பி, நான் 29 வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலில் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம்.

அந்த டிக்கெட்டைத் தொலைத்துவிடாதீர்கள். மெஷின் டிக்கெட் என்றால் அதில் தடம், தேதி, நேரம், டிக்கெட் எண் எல்லாம் இருக்கும். அந்தத் தாள் சூடு பட்டால் எழுத்து மங்கிப்போகும். அதனால் இன்றைக்கே செல்போனில் இரண்டு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் அறை இருக்கும், அங்கே போய் டிக்கெட்டைக் காட்டுங்கள். அந்த நேரத்தில் அந்தத் தடத்தில் ஓடியது எந்த வண்டி, எந்தப் பணிமனை, யார் டூட்டி என்று அவர் பார்த்துச் சொல்லிவிடுவார். பின்னால் 92 என்று கண்டக்டர் கையெழுத்தில் இருப்பது பெரிய பலம். சண்டை போடப் போவது மாதிரிப் போக வேண்டாம். "அப்பா கூட்டத்தில் வாங்காமல் இறங்கிவிட்டார்" என்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்.

நானும் இப்படிப் பலருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். மீதி வாங்காமல் யாராவது இறங்கிவிட்டால் டிக்கெட் எண்ணையும் தொகையையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி டைம் கீப்பரிடம் சொல்லி வைப்பேன். எல்லோரும் அப்படிச் செய்வார்கள் என்று சொல்ல மாட்டேன்.

இப்போது அன்றாடப்பயணி கேட்டதற்கு வருகிறேன். சில்லறை யார் பைக்குப் போகிறது என்று கேட்டீர்கள். நான் வேலை பார்த்த பணிமனையில், டூட்டி ஏறும்போதே சொந்தக் காசு எவ்வளவு வைத்திருக்கிறேன் என்று எழுதிவிட வேண்டும். நடுவழியில் செக்கர் ஏறினால் பையில் உள்ள பணத்தையும், விற்ற டிக்கெட்டுக் கணக்கு எழுதிய இன்வாய்ஸையும் ஒப்பிடுவார். குறைந்தால் நான் கட்ட வேண்டும். கூடினால் மெமோ. டிக்கெட் போடாமல் காசு வாங்கினாய் என்றுதான் முதல் சந்தேகம் வரும். அதனால் திருப்பிக் கொடுக்காத சில்லறை எங்களுக்கு லாபம் என்று ஒரே போடாகச் சொல்லாதீர்கள். பலருக்கு அது தலைவலி. தெரிந்தே அமுக்குகிறவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். கூட வேலை பார்த்த எனக்கே அவர்கள்மேல் கோபம் உண்டு.

அன்றாடப்பயணி | திங்கள், காலை 8.15

ஐயா, உங்களைப் போல நேர்மையாக இருந்தவர்களைச் சொல்லவில்லை. ஆனால் ஒரு கேள்வி. காலை முதல் ட்ரிப்பிலேயே "சில்லறை இல்லை" என்றால், இல்லாமல் ஏன் வண்டி எடுக்கிறீர்கள்? கடை திறக்கிறவர் கல்லாவில் சில்லறை போட்டுவிட்டுத்தானே திறக்கிறார்?

பழைய விசில் | திங்கள், காலை 11.20

நல்ல கேள்வி. இதை மேலே உள்ளவர்கள்தான் கேட்டிருக்க வேண்டும்.

விடியற்காலை நாலரை மணிக்கு வண்டி வெளியே வரும். அந்நேரம் எந்த வங்கி திறந்திருக்கும்? முந்தின நாள் கலெக்‌ஷனை ஒரு ரூபாய் விடாமல் கட்டியாகிவிட்டது. பையில் இருப்பது நான் வீட்டிலிருந்து கொண்டுவந்த சொந்தச் சில்லறை. என் வீட்டுக்காரம்மா மளிகைக் கடை, கோயில், பால்காரர் என்று எல்லா இடத்திலும் நோட்டைக் கொடுத்துச் சில்லறை சேர்த்து வைப்பாள். சில நாள் 100 ரூபாய் நோட்டுக்கு 95 ரூபாய்க்குத்தான் சில்லறை கிடைக்கும். அந்த 5 ரூபாய் என் கைநஷ்டம்.

முதல் ட்ரிப்பில் ஏறுகிறவர்களில் பத்தில் ஏழு பேர் நோட்டுதான் நீட்டுவார்கள். மூன்றாவது நிறுத்தத்துக்குள் என் சில்லறை தீர்ந்துவிடும். அதற்குமேல் இரண்டே வழி. ஒன்று, டிக்கெட் பின்னால் எழுதுவது. இன்னொன்று, ஒரே நிறுத்தத்தில் இறங்குகிற இரண்டு பேரைச் சேர்த்து ஒரு நோட்டைக் கொடுத்து, கீழே போய் மாற்றிக்கொள்ளுங்கள் என்பது. முன்பின் தெரியாத இரண்டு பேரை அப்படிக் கோத்துவிடுவது தப்பு என்று எனக்கும் தெரியும். வேறு வழி இருந்ததில்லை.

இதில் யாரும் பேசாத ஒன்று இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம், என் மகளும் அதில்தான் வேலைக்குப் போகிறாள். ஆனால் அதற்கு முன்னால் என் பைக்கு நாணயம் கொண்டுவந்தவர்கள் யார்? பூக்காரம்மா, கீரைக்காரம்மா, வீட்டு வேலைக்குப் போகிறவர்கள். சுருக்குப் பையிலிருந்து சரியாக எண்ணிக் கொடுப்பார்கள். அந்தச் சில்லறையில்தான் மற்றவர்களுக்கு மீதி கொடுப்பேன். அந்த வரத்து நின்றுவிட்டது. மீதமுள்ள ஆண்கள் நீட்டுவது 50, 100, 500. திட்டம் போட்டபோதே பணிமனையில் காலையில் ஒரு சில்லறைப் பை கொடுக்க ஏற்பாடு செய்திருக்கலாம். என் கடைசி வருஷம் வரை என் கைக்கு அப்படி ஒன்று வரவில்லை.

பாய்லர் டீ | திங்கள், மதியம் 2.10

பேருந்து நிலையத்தை ஒட்டி டீக்கடை வைத்திருக்கிறேன். ஐயா சொல்வது அத்தனையும் கண்ணால் பார்க்கிறது. காலை அஞ்சு மணிக்கே கண்டக்டர்கள் நோட்டோடு வந்து நிற்பார்கள். நான் கமிஷன் வாங்குவதில்லை. ஒருத்தருக்கு 50 ரூபாய்ச் சில்லறைக்கு மேல் கொடுக்கவும் முடிவதில்லை, எனக்கும் வேண்டுமே.

பத்து ரூபாய் நாணயம்தான் பெரிய வேதனை. என் கல்லாவில் 200, 300 ரூபாய்க்கு அது கிடக்கும். கண்டக்டரிடம் கொடுத்தால், "நான் வாங்கிக்கறேன் அண்ணே, பயணி வாங்க மாட்டேங்கறாங்களே" என்பார். அதே பயணி என் கடையில் அந்த நாணயத்தை நீட்டுவார்.

குறிநிரல் | திங்கள், மதியம் 3.02

பத்து ரூபாய் நாணயம் பற்றி ஒரு விளக்கம், இதைப் பலரும் இன்னும் நம்புகிறார்கள். நாணயத்தில் 10 கோடு இருந்தால் நல்லது, 15 கோடு இருந்தால் போலி என்று வாட்ஸப்பில் சுற்றியது பொய். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே, இதுவரை 14 வடிவங்களில் 10 ரூபாய் நாணயம் வந்திருக்கிறது, அத்தனையும் செல்லும் என்று அறிவித்தது. 10 கோடு உள்ளது ரூபாய்க் குறி வந்த பிறகு அடித்தது, 15 கோடு உள்ளது அதற்கு முன் அடித்தது, அவ்வளவுதான். 14440 என்ற எண்ணுக்கு அழைத்தால் குரல் பதிவாகவே கேட்கலாம்.

சட்டப்படி 1 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்களை ஒரே நேரத்தில் 1000 ரூபாய் வரைக்கும் கொடுக்கலாம். 2011 நாணயச் சட்டத்தில் இது இருக்கிறது. 50 காசும் இன்னும் செல்லும், 10 ரூபாய் வரை. 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போனது 25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும்தான்.

பழைய விசில் | திங்கள், மாலை 4.45

எங்கள் பணிமனையில் 10 ரூபாய் நாணயத்தை வாங்கச் சொல்லி எழுதியே ஒட்டியிருந்தார்கள். வாங்கினேன். ஒரு நாள் மீதிக்கு நாலு 10 ரூபாய் நாணயம் கொடுத்ததற்கு ஒருவர் அதை என் காலடியில் போட்டுவிட்டு இறங்கிப் போனார். பொறுக்கி எடுத்தேன். வண்டியில் அவ்வளவு பேரும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள்.

கணக்குப்பிள்ளை | திங்கள், இரவு 8.20

எல்லோரும் பேசுவது சில்லறைத் தட்டுப்பாடு பற்றி. நான் கேட்பது, 8 ரூபாய், 13 ரூபாய் என்று கட்டணம் ஏன் இருக்க வேண்டும்? 5, 10, 15, 20 என்று வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துபோகும். கடைசியாக எல்லாப் பேருந்துக்கும் சேர்த்துக் கட்டணம் உயர்ந்தது 2018 ஜனவரியில். அதற்கு முன் 2011 நவம்பரில். இரண்டு தடவையும் ரூபாய்க் கணக்கில் படிப்படியாக ஏற்றினார்களே தவிர, மக்கள் கையில் என்ன நாணயம் புழங்குகிறது என்று பார்த்ததாகத் தெரியவில்லை.

அன்றாடப்பயணி | திங்கள், இரவு 8.44

8 ரூபாயை 10 ஆக்கினால் 25 சதவீத உயர்வு நண்பரே. போக வர 4 ரூபாய், 25 நாளைக்கு 100 ரூபாய். கட்டிட வேலைக்குப் போகிற ஒருவருக்கு அது ஒரு நாள் சாப்பாடு. எப்போதாவது வராமல் போகிற 2 ரூபாயைத் தினமும் சட்டப்படியே எடுத்துக்கொள்வதுதான் தீர்வா?

கணக்குப்பிள்ளை | திங்கள், இரவு 9.01

மேலே ஏற்றத்தான் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 8ஐ 10 ஆக்கினால், அதே தடத்தில் 6ஐயும் 7ஐயும் 5 ஆக்க வேண்டும். ஸ்டேஜ், அதாவது கட்டணம் மாறும் இடங்களின் தூரத்தைக் கொஞ்சம் மாற்றி வரைந்தால் மொத்த வசூல் பெரிதாக மாறாது. ஆனால் உங்கள் பயம் நியாயமானது. "ரவுண்டாக்குகிறோம்" என்று ஆரம்பித்தால் எல்லாவற்றையும் மேலேதான் ரவுண்டாக்குவார்கள். கீழே இறக்குவதையும் அதே உத்தரவில் எழுதினால் மட்டும் இதற்கு நான் கை தூக்குவேன்.

குறிநிரல் | திங்கள், இரவு 9.30

இதற்கெல்லாம் முடிவு மின்னணுக் கட்டணம்தான் என்று நினைக்கிறேன். சென்னையில் 2024 தொடக்கத்தில் பல்லாவரம் பணிமனையில் சோதனையாக ஆரம்பித்து, புதிய டிக்கெட் மெஷினில் யுபிஐ கொண்டுவந்தார்கள். 2025 ஜனவரியில் சிங்காரச் சென்னை அட்டையை மாநகரப் பேருந்திலும் பயன்படுத்தலாம் என்று ஆக்கினார்கள். அது மெட்ரோவில் 2023லேயே வந்துவிட்ட அட்டை. 2025 செப்டம்பரில் சென்னை ஒன் என்ற செயலி வந்தது, பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட். 8 ரூபாய் என்றால் சரியாக 8 ரூபாய் போகும். மீதி என்ற பேச்சே இல்லை.

மழைக்காலம் | திங்கள், இரவு 10.12

யுபிஐ எனக்குக் கைகொடுத்தது உண்டு, காலை வாரியதும் உண்டு. ஒரு நாள் இரவு எட்டரை மணி. கட்டணமில்லா பஸ் ஒரு மணி நேரமாக வரவில்லை. வந்த எக்ஸ்பிரஸில் ஏறினேன். "பெண்களுக்கு இலவசம், உங்களுக்கு என்ன சில்லறைப் பிரச்சினை" என்று கேட்கிறவர்களுக்காகத்தான் இதையும் சொல்கிறேன். சாதாரண பஸ் வராத நேரத்தில் நாங்களும் காசு கொடுத்துத்தான் போகிறோம்.

கையில் 200 ரூபாய் நோட்டு. கண்டக்டர், "சில்லறை இல்லேன்னா அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கம்மா" என்றார். அடுத்த நிறுத்தம் ஆள் நடமாட்டமே இல்லாத இடம். க்யூஆர் காட்டச் சொன்னேன். செல்போனில் பணம் போய்விட்டது, பச்சை டிக் வந்துவிட்டது. மெஷினில் சுற்றிக்கொண்டே இருந்தது. டிக்கெட் வரவில்லை. கூட்டம் பின்னால் கத்துகிறது. கடைசியில் பக்கத்து சீட்டில் இருந்த அம்மா தன் சில்லறையைக் கொடுத்து எனக்கு டிக்கெட் வாங்கினார். அவருக்கு நான் அதே யுபிஐயில் அனுப்பலாம் என்றால் அவரிடம் இருந்தது பட்டன் போன். அவர் ஊர் பேர்கூடத் தெரியாது. அந்தக் காசு இன்னும் என் கணக்கில் கடனாகத்தான் இருக்கிறது.

போன பணம் மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தது. பணம் வந்துவிட்டது, சரி. அடுத்த ஸ்டாப்பில் இறங்கு என்று கேட்ட அந்த ஒரு நிமிடம் இன்னும் மறக்கவில்லை.

பழைய விசில் | செவ்வாய், காலை 6.05

மகளே, அதை எந்தக் கண்டக்டர் சொல்லியிருந்தாலும் தப்பு. ராத்திரி நேரத்தில் தனியாக வருகிற பெண்ணைச் சில்லறைக்காக இறங்கச் சொல்லக் கூடாது. எழுதிக் கொடுத்து, அடுத்த முறை தாருங்கள் என்று அனுப்பியவன் நான். எட்டு, பத்து ரூபாயை என் கையிலிருந்து போட்டிருக்கிறேன்.

மெஷினைப் பற்றிக் குறிநிரல் தம்பிக்கு ஒரு வார்த்தை. ஒரு ஸ்டேஜ் முடிவதற்குள் அந்த ஸ்டேஜில் ஏறிய அத்தனை பேருக்கும் டிக்கெட் போட்டாக வேண்டும். காசு என்றால் ஆளுக்கு ஐந்து நொடி. க்யூஆர் காட்டி, அவர் செல்போனை எடுத்து, பூட்டைத் திறந்து, நம்பர் போட்டு, சிக்னல் வந்து என்றால் அரை நிமிடம். எழுபது பேர் நிற்கிற வண்டியில் அது எப்படி முடியும்? அட்டை பரவாயில்லை, தொட்டால் போதும். நம் ஊருக்கு ஏற்றது அட்டைதான் என்பது என் எண்ணம்.

சோளக்காட்டுக் குருவி | செவ்வாய், காலை 9.40

கொல்லிமலைப் பக்கம் வந்து பாருங்கள். 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது சிக்னல் வரும், போகும். சந்தைக்கு வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வருகிறவரிடம் ஸ்கேன் பண்ணுங்கள் என்று சொல்ல முடியுமா? காசை ஒழிக்கிற தீர்வு எதுவும் எங்களுக்கு உதவாது. காசு சரியாகப் புழங்கும் வழியைச் சொல்லுங்கள்.

ஈஸ்ட்ஹாம் வாசி | செவ்வாய், மதியம் 1.30

லண்டனில் 2014 ஜூலையோடு பஸ்ஸில் காசு வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். அட்டையோ வங்கிக் கார்டோ இல்லாமல் ஏற முடியாது. இங்கே அது நடந்ததற்கு இரண்டு காரணம் சொல்வேன். அதற்குள் காசு கொடுக்கிறவர்கள் மிகச் சிலராகக் குறைந்துவிட்டார்கள். அப்புறம், அட்டையில் பணம் போதாவிட்டாலும் ஒரே ஒரு பயணம் போகலாம், அடுத்த முறை பணம் போடும்போது கழித்துக்கொள்வார்கள் என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். ராத்திரி நடுரோட்டில் யாரும் நிற்கக் கூடாது என்பதற்காக. மழைக்காலம் எழுதியதைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது. நம் ஊரில் அட்டை வந்தால் அந்த ஒரு பயணச் சலுகையும் சேர்ந்து வர வேண்டும்.

வடமராட்சியான் | செவ்வாய், மதியம் 2.15

எங்கட யாழ்ப்பாணப் பக்கமும் இதே கதைதான். நாங்கள் மிச்சக்காசு என்று சொல்லுவம். கட்டணம் ஏழு, எட்டு என்று முடியும், ஆனால் ஒரு ரூபா, இரண்டு ரூபா நாணயக் குத்தியைக் கண்டே கனகாலம். தனியார் மினிபஸ்ஸில் ரிக்கற்றும் தரமாட்டினம். உங்களிடம் 92 என்று எழுதின துண்டாவது இருக்கு. எங்களுக்கு அதுவும் இல்லை. ரிக்கற் கையில் இல்லாவிட்டால் யாரிடம் போய் என்னவென்று கேட்கிறது? அதனால் அப்பாவின் துண்டைக் கவனமாக வைத்திருங்கோ.

பாய்லர் டீ | செவ்வாய், மாலை 6.20

சோளக்காட்டுக் குருவி கேட்டதற்கு என் யோசனை. உண்டியல் எண்ணுகிற கோயில்களில் மூட்டை மூட்டையாக நாணயம் வருகிறது. அது வங்கிக்குப் போகிறது. வங்கி நாணயம் வாங்க மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி பல தடவை சொல்லியிருக்கிறது, அதே மாதிரி வெளியே கொடுக்கவும் கடமை இருக்கிறது. பணிமனை தினமும் அதே வங்கியில் பணம் கட்டுகிறதே, கட்டும்போது கொஞ்சம் நாணயமாகத் திருப்பி வாங்கி, மறுநாள் காலை ஒவ்வொரு கண்டக்டருக்கும் 300 ரூபாய்க்குச் சில்லறை கணக்கெழுதிக் கொடுத்துவிடலாம். சாயங்காலம் அவர் கட்டும்போது கழித்துக்கொள்ளலாம். எங்கள் டீக்கடையில் நாங்கள் செய்வதும் அதுதான். இதற்கு மெஷினும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம்.

பழைய விசில் | செவ்வாய், மாலை 7.00

இதைத்தான் நாங்கள் வருஷக்கணக்கில் கேட்டோம். 300 ரூபாய் போதும். முதல் ட்ரிப் தாண்டிவிட்டால் பிறகு வண்டியே தனக்கு வேண்டிய சில்லறையைச் சேர்த்துக்கொள்ளும்.

அன்றாடப்பயணி | செவ்வாய், இரவு 8.10

ஐயா, ஞாயிற்றுக்கிழமை நான் எழுதியது கொஞ்சம் அதிகப்படி. சொந்தக் காசை எழுதிவைத்துவிட்டு ஏற வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் 2 ரூபாயைக் கேட்பவனைக் கேவலமாகப் பார்ப்பதை மட்டும் இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை. இல்லை என்றால் இல்லை என்று மரியாதையாகச் சொன்னால் போதும்.

பழைய விசில் | செவ்வாய், இரவு 8.25

அது சரி தம்பி. அதில் நான் உங்கள் பக்கம்.

கணக்குப்பிள்ளை | செவ்வாய், இரவு 8.50

புளியமரத்தடி, சென்னையில் 60 வயது தாண்டியவர்களுக்கு மாதம் 10 டோக்கன் இலவசமாகக் கொடுக்கிறார்கள், 2016லிருந்து. அப்பாவுக்குக் கிடைக்குமா பாருங்கள். மாதம் இரண்டு தடவை ஆஸ்பத்திரி என்றால் தாராளமாகப் போதும்.

புளியமரத்தடி | செவ்வாய், இரவு 9.15

அது சென்னையில் வசிக்கிறவர்களுக்கு மட்டும்தான். நாங்கள் வேறு மாவட்டம். எங்கள் ஊரிலும் அந்த 10 டோக்கன் இருந்திருந்தால் அப்பா அன்றைக்கு நோட்டையே எடுத்திருக்க மாட்டார்.

டைம் கீப்பரைப் பார்க்க நாளைக்கு அப்பாவே போகிறேன் என்கிறார். நான் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றுவிட்டார்.

புளியமரத்தடி | அடுத்த திங்கள், இரவு 7.30

எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

புதன்கிழமை அப்பா டிக்கெட்டோடு போனார். டைம் கீப்பர் உட்காரவைத்து, நோட்டைப் புரட்டிப் பார்த்து, "அவருக்கு இன்றைக்கு ஓய்வு, வெள்ளிக்கிழமை இதே ஆறரை மணி வண்டியில் வருவார்" என்று சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை அப்பா எங்கள் நிறுத்தத்தில் போய் நின்றார். இந்த முறை அம்மா 8 ரூபாயைச் சரியாக எண்ணித் துணியில் முடிந்து கொடுத்தார்.

கண்டக்டர் அப்பாவைப் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டாராம். "பெரியவரே, அன்னைக்கு ஆஸ்பத்திரி ஸ்டாப் தாண்டினதும்தான் ஞாபகம் வந்தது, திரும்பி வரும் ட்ரிப்பில் அங்கே இறங்கித் தேடினேன்" என்று சொல்லியிருக்கிறார். அப்பா அந்த நேரம் ரத்தம் கொடுக்கும் வரிசையில் இருந்திருப்பார். டிக்கெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு 95 ரூபாய் கொடுத்திருக்கிறார், 2 ரூபாய்ச் சில்லறை இல்லை, இருக்கட்டும் என்று. அப்பா துணி முடிச்சை அவிழ்த்தார். அன்றைய டிக்கெட்டுக்கு 8 ரூபாய் எண்ணிக் கொடுத்தார். அப்புறம் தனியாக 3 ரூபாயை எடுத்து அவர் கையில் வைத்தார். அம்மா கொடுத்தனுப்பியது 8 மட்டும்தான். அந்த 3 ரூபாயை அப்பாவே எங்கிருந்தோ சேர்த்து வைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

பழைய விசில் ஐயா, அப்பா உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார். வீட்டில் ஒரு டப்பாவில் ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் 60 ரூபாய்க்கு மேல் சேர்ந்திருக்கிறதாம். காலை முதல் ட்ரிப்பில் கண்டக்டரிடம் அதைக் கொடுத்து நோட்டாக வாங்கிக்கொண்டால் அவருக்கு ஏதும் கணக்குச் சிக்கல் வருமா?

பழைய விசில் | அடுத்த திங்கள், இரவு 8.05

ஒரு சிக்கலும் வராது. 60க்கு 60, பையில் தொகை மாறவே மாறாது. ஆஸ்பத்திரி நிறுத்தத்துக்கு முன்னாலேயே கொடுக்கச் சொல்லுங்கள், அங்கேதான் சில்லறை தேவைப்படும்.